எழுநூற்று இருபது

ஜோசப் ராஜ் நிஜப் பேருந்தைக் கடைசியாக ஓட்டி மூன்று வருடம் ஆகியிருந்தது. காரைக்குடிக்கும் மதுரைக்கும் போய்வந்துகொண்டிருந்த ஒரு தனியார் வண்டியில் அவர்தான் டிரைவர். சர்க்கரை நோயால் வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை போனது. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு பஸ் ஓட்ட முடியாது என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முதலாளி மனுஷத்தனம் உள்ளவர். டிக்கெட் பரிசோதகர் வேலை தருகிறேன், வா என்றார். "என் சீட்டுல வேற ஒருத்தன் உக்காந்திருக்கத நான் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு வரணுமா?" என்று கேட்டுவிட்டு ஜோசப் ராஜ் அமராவதிபுதூரில் தன் வீட்டோடு இருந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதோடு சரி.

அவர் மனைவி பெல்சி கானாடுகாத்தானில், பழைய செட்டியார் வீடு ஒன்றை மாற்றிக் கட்டிய ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவாள். திரும்பும்போது வீடு எப்படி விட்டுப்போனாளோ அப்படியே இருக்கும். நாற்காலி, அதில் அவர், எதிரே அணைத்து வைத்த டிவி.

கோயம்புத்தூரில் இருந்த அவள் தம்பி புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதை அக்கா வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். கூடவே மேசை விளிம்பில் மாட்டுகிற ஒரு ஸ்டியரிங்கும், தரையில் வைக்கிற பெடல்களும் வந்தன. பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். "பொம்மை வண்டிய வச்சு நான் என்ன செய்ய?" என்று ஜோசப் ராஜ் பல நாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் பெல்சி வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள்ளிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. வாசலில் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்று கேட்டாள். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. குன்றக்குடி வளைவில் அவர் அடிக்கிற ஹாரன்.

அந்த விளையாட்டில் யாரோ ஒரு ஆர்வலர் நம் பக்கத்து ரோடு மாதிரியே ஒரு ரோட்டைச் செய்து போட்டிருந்தார். இரண்டு பக்கமும் புளியமரம், நடுவில் டீக்கடை, தூரத்தில் ஒரு குன்று. ஜோசப் ராஜ் அதில் ஓட்டும்போது சும்மா ஓட்ட மாட்டார். "பிள்ளையார்பட்டி எல்லாம் எழுந்திரிச்சு வாங்க", "படியில நிக்காதீக, உள்ள இடம் கெடக்குல்ல" என்று பேசிக்கொண்டே ஓட்டுவார். அதைக் கேட்ட மச்சினன்தான் இதை லைவ் போடலாம் என்று யோசனை சொன்னான். "முன் சீட்டு" என்று சேனலுக்குப் பேர் வைத்தார்கள். முதலில் நாலைந்து பேர் பார்த்தார்கள். பிறகு சிங்கப்பூரிலும் குவைத்திலும் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சாயங்காலம் ஆனால், "அண்ணே, வண்டி எடுத்தாச்சா? கண்டனூர் முக்குல ஏத்திக்கங்க" என்று சாட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். சிங்கப்பூரில் கிரேன் ஓட்டும் மாயக்கண்ணன் என்பவர் ஒருநாளும் தவற மாட்டார். ஜோசப் ராஜுக்குப் பழைய குரல் திரும்பி வந்திருந்தது. பெல்சி அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும் என்று பயந்தாள்.

லைவில் போகிற படத்தின் தரத்தை முடிவு செய்து வைத்துக் கொடுத்தவன் அழகுராஜா. ஊருக்கெல்லாம் இன்டர்நெட் கேபிள் இழுத்துக் கொடுப்பவன். "இருக்கதுலயே பெரிசா வச்சிருக்கேன்ணே. சைஸ் ஆயிரத்து எண்பது. செகண்டுக்கு அறுவது படம் போகும்" என்றான்.

"முன்கண்ணாடி பளிச்சுனு இருக்கணும்ப்பா. கண்ணாடி அழுக்கா இருந்தா நான் வண்டியவே எடுக்க மாட்டேன்" என்றார் ஜோசப் ராஜ்.

ஆனால் வண்டி நின்று நின்று போனது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்துவிடும். குரல் மட்டும் வரும். பிறகு குரலும் போய்விடும். பார்க்கிறவர்கள் சலித்துக்கொண்டார்கள். அழகுராஜா மறுபடியும் வந்து பார்த்தான். "நம்ம லைன்ல எறங்குறது வேகமா எறங்கும். இங்கருந்து வெளிய ஏத்துறதுதான் பைய ஏறும். சைஸ்ல கை வைக்கல. செகண்டுக்கு எவ்வளவு அனுப்பணும்னு ஒரு கணக்கு இருக்கு, பிட்ரேட்டுன்னு, அத மட்டும் கொறச்சு விடுறேன்" என்றான். குறைத்தான். உறைவது நின்றது. எல்லோருக்கும் நிம்மதி.

அதன் பிறகுதான் அந்த வினை.

ஒரு மத்தியானம், பெல்சி வேலைக்குப் போயிருந்த நேரம், முந்தின நாள் தான் ஓட்டிய லைவை ஜோசப் ராஜ் டிவியில் போட்டுப் பார்த்தார். அதுவரை அவர் தன் லைவைத் தானே பார்த்ததில்லை. ஓட்டும்போது அவர் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் துல்லியமாகத் தெரியும். ஆனால் ஹாலின் இந்தக் கோடியில் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கோடியில் டிவியைப் பார்த்தபோது, புளியமரங்கள் மரமாகத் தெரியவில்லை. யாரோ பச்சைச் சேற்றை அள்ளி ரோட்டோரம் அப்பிவிட்ட மாதிரி இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அப்படியேதான் இருந்தது.

டிவியை அணைத்துவிட்டார்.

வலது கண்ணுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கிட்டத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஸ்பீடோமீட்டர் தெரிந்தது, டிக்கெட்டில் இருக்கிற நம்பர் தெரிந்தது. திருப்பத்தூர் ரோட்டில் தூரத்து மரங்கள்தான் முதலில் கலங்கின. அப்போது அதைத் தூசி என்று நினைத்தார். இடது கண்ணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் வருடம் போனார். பிறகு போகவில்லை. போனால் என்ன சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

அன்று சாயங்காலம் அவர் லைவ் போடவில்லை. மறுநாளும் போடவில்லை.

"என்னங்க, வண்டிய எடுக்கலையா?" என்று பெல்சி கேட்டாள்.

"ஸ்டியரிங் இறுக்கமா இருக்கு. எண்ணெய் விடணும்."

"விட வேண்டியதுதான?"

"விடுவோம், விடுவோம்."

அந்த வாரம் முழுக்க எண்ணெய் விடவில்லை. பெல்சி ஹோட்டல் மேசையில் இருக்கும்போது மாயக்கண்ணனிடமிருந்து சேனலுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. செய்திகளைப் பார்ப்பது அவள் பொறுப்பு. "அண்ணனுக்கு உடம்பு முடியலையா? இங்க எங்க ரூம்ல நாலு பேரும் கேக்குறாங்க" என்று எழுதியிருந்தார். பெல்சிக்கு மனசு எதிலும் ஒட்டவில்லை. மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஒரு பஸ் முன்னாலேயே கிளம்பி வந்தாள்.

வீட்டில் அவரைக் காணோம். கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அங்குட்டு என்னத்தப் பாக்குறீக?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஒண்ணுமில்ல. தொட்டியில எழுதியிருக்கத வாசிச்சுக்கிட்டிருந்தேன்."

"எதுக்கு?"

அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார்: "தினம் பாக்குற எழுத்து, மனப்பாடமா ஆயிப்போச்சு. கண்ணு வாசிக்குதா, மனசு வாசிக்குதான்னு தெரிய மாட்டேங்குது பெல்சி."

பெல்சிக்கு அப்போதுதான் விளங்கியது. அவரைத் துவைக்கிற கல்லில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். டிவியில் பார்த்தது, பச்சைச் சேறு, வலது கண் போன விதம், டாக்டரிடம் போகாமல் தள்ளிப்போட்டது. சொல்லி முடித்ததும், "இந்தக் கண்ணும் போச்சுன்னா எனக்கு வேற எதுவும் இல்ல" என்றார். அவர் அழவில்லை. அழுதிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும்.

"உள்ள வாங்க. நானும் அதப் பாக்கணும்" என்றாள்.

அதே நாற்காலியில் அவரை உட்கார வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அவள் உட்கார்ந்தாள். அதே லைவைப் போட்டாள். வண்டி கிளம்பியது. மரங்கள் வந்தன.

"எனக்கும் இப்படித்தான் தெரியுது. கொழகொழன்னு இருக்கு" என்றாள்.

"நீ எனக்காகச் சொல்ற."

"இல்லைங்க."

"நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன் பெல்சி. விடு."

அவள் என்ன சொன்னாலும் அது ஆறுதலாகத்தான் அவர் காதில் விழும் என்று தெரிந்தது. அதனால் வாதாடாமல், டிவியையும் அணைக்காமல் விட்டாள். படம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஜோசப் ராஜின் குரல், "டீ குடிக்கிறவுக குடிச்சுட்டு வெரசா வாங்க" என்று சொல்ல, வண்டி டீக்கடை முன்னால் நின்றது.

நின்ற வண்டியின் கண்ணாடிக்கு வெளியே அந்தச் சேறு பைய இறுகியது. முதலில் ஒரு கிளை தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. கண்மூடித் திறப்பதற்குள் அது ஒரு முழுப் புளியமரமாகிவிட்டது. இலைகூடப் பிரிந்து தெரிந்தது.

ஜோசப் ராஜ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "திருப்பிப் போடு" என்றார்.

பெல்சி திருப்பிப் போட்டாள். ஓடும்போது சேறு. நிற்கும்போது மரம். வண்டி மறுபடி கிளம்பியதும் மரம் கரைந்து சேறாகிவிட்டது. அவர் மறுபடியும் போடச் சொன்னார். பெல்சி கேட்டாள்: "கண்ணு கெட்டிருந்தா நிக்கிற மரமும்தானங்க மங்கலாத் தெரியணும்? வண்டி நின்னா உங்க கண்ணு சரியாயிருமா?"

திரையின் ஓரத்தில், விளையாட்டு வண்டியின் டாஷ்போர்டு மேல் அவர் ஆசைப்பட்டு வைத்திருந்த சின்ன மாதா சொரூபம் இருந்தது. வண்டி ஓடும்போதும் அது அசையாமல், முகம் தெளிவாக இருந்தது. ஜோசப் ராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பெல்சி அவர் முதுகில் கையை வைத்தாள். அந்த முதுகு நெடுநேரம் குலுங்கியது.

அழகுராஜாவுக்கு போன் போட்டாள். அவன் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அது பிட்ரேட்டு வேலைதான் அக்கா. படம் பெரிசு, அனுப்புற அளவு கொஞ்சம். ஓடுற சீன்ல ஒவ்வொரு இலையையும் புதுசா அனுப்பணும்ல, பத்தாமப் போயி எல்லாத்தையும் கலக்கி அனுப்பிருது. நின்னா பழசையே வச்சு ஒப்பேத்திரும்."

"அப்ப சைஸக் கொறச்சா?"

"கொறச்சா நல்லாருக்கும். செகண்டுக்கு அறுவது படத்தையும் முப்பதாக்கலாம். அண்ணன் வருத்தப்படுவாருன்னுதான் சொல்லாம விட்டேன். பளிச்சுனு வேணும்னு ஆசையாக் கேட்டாருல்ல."

பெல்சி போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். ஆனால் ஜோசப் ராஜ் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. "சைஸக் கொறச்சா இன்னும் மங்கத்தானே செய்யும்? எங்குட்டாவது சின்னதாக்குனா தெளிவாகுமா?"

"இருக்கது ஒரு வாளி சாம்பாருங்க. அறுவது இலைக்கு ஊத்துனா இலைக்கு ஒரு சொட்டு. முப்பது இலைக்கு ஊத்துனா சோறு நனையும். இலையும் கொஞ்சம் சின்னதா இருந்தா வயிறு நெறையும்."

"நீ ஹோட்டல்ல இருக்கேங்கிறது பேச்சுலயே தெரியுது" என்றார். அந்த வாரத்தில் அவர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். வேறு யாரும் பார்க்க முடியாதபடி ஒரு லைவைப் போட்டு, அதன் இணைப்பை மாயக்கண்ணனுக்கு மட்டும் அனுப்பினாள் பெல்சி. அவருக்கு அன்று விடுமுறை. ஒவ்வொரு அளவிலும் அதே ரோட்டில், அதே வளைவில் ஓட்டுவது என்றும், ஓட்டி முடித்ததும் டிவியில் போட்டுப் பார்ப்பது என்றும் பேசிக்கொண்டார்கள். எது நன்றாக இருக்கிறது என்று ஜோசப் ராஜ்தான் சொல்ல வேண்டும். பெல்சி அதில் கறாராக இருந்தாள். "கண்ணு உங்களுது. நீங்க சொல்றதுதான்" என்றாள்.

முதலில் பழைய அளவு. சேறு. அடுத்து, படத்தின் அளவை எழுநூற்று இருபதாகக் குறைத்து, செகண்டுக்கு அறுபது படத்தை மட்டும் அப்படியே விட்டார்கள். கொஞ்சம் தேவலை. பக்கத்து மரம் தெரிந்தது, ஆனால் வேகம் எடுத்தால் புல் எல்லாம் வழிந்தது. பெல்சி நேராக நானூற்று எண்பதுக்கு இறக்கினாள். வழுக்கிக்கொண்டு ஓடியது. எங்கேயும் சேறு இல்லை. ஆனால் ஊர்ப் பலகையில் இருந்த எழுத்து அழிந்துபோயிருந்தது.

"பலகை தெரியலன்னா எந்த ஊருல எறங்குறதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் ஜோசப் ராஜ். "இது வேணாம்."

கடைசியில் எழுநூற்று இருபது, செகண்டுக்கு முப்பது படம். அழகுராஜா போனில் சொன்னபடி, கம்ப்யூட்டரை வைஃபையில் விடாமல் நேராக வயரில் மாட்டி, பிட்ரேட்டையும் லைன் தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் ஏற்றினாள். ஜோசப் ராஜ் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். வேண்டுமென்றே வேகமாக ஓட்டினார். அந்த வளைவில் நீளமாக ஒரு ஹாரன், குட்டையாக இரண்டு. பிறகு இருவரும் எழுந்துபோய் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்.

மரங்கள் மரங்களாக வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒதுங்கி, பின்னால் போயின. முன்னைவிட அசைவு கொஞ்சம் கரடுமுரடாக இருந்ததுதான். ஆனால் கிளைக்கு நடுவே வானம் தெரிந்தது.

பெல்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேசுவதற்கு முன் சாட்டில் மாயக்கண்ணன் எழுதியது திரையில் வந்தது. ஜோசப் ராஜ் அதை நாற்காலியில் இருந்தபடியே, எழுத்துக் கூட்டாமல் வாசித்தார்: "அண்ணே, இப்பத்தான் நம்ம ரோடு மாதிரி இருக்கு. டீக்கடையில வடை போடுறது வரைக்கும் தெரியுது."

"வடையெல்லாம் அதுல கெடையாது. பொய் சொல்றான்" என்றார். பிறகு பெல்சியிடம், "இதையே வச்சுரு" என்றார்.

மறுநாள் சாயங்காலம் "முன் சீட்டு" மறுபடியும் கிளம்பியது. வந்தவர்கள் எல்லோரும் இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று கேட்டார்கள். ஜோசப் ராஜ் எதையும் மறைக்கவில்லை. ஓட்டிக்கொண்டே முழுக் கதையையும் சொன்னார். தனக்கு ஒரு கண் இல்லை என்பதையும் அன்றைக்குத்தான் அவர்களிடம் முதன்முதலாகச் சொன்னார். குவைத்தில் இருந்து ஒருவர் எழுதினார்: "எங்க அப்பாவுக்கும் சர்க்கரை. கண்ணக் காட்டச் சொல்லி இன்னைக்கே போன் போடுறேன். நீங்க எப்பண்ணே போறீக?"

ஜோசப் ராஜ் அதை வாசித்தார். வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பெல்சியைப் பார்த்தார். அவள் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வியாழக்கிழமை" என்றார்.

வியாழக்கிழமை பெல்சி லீவு போட்டாள். இருவரும் மதுரைக்குப் போய் கண் ஆஸ்பத்திரியில் காத்திருந்தார்கள். இடது கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரியும்வரை உட்கார வைத்து, விளக்கை அடித்துப் பார்த்தார்கள். டாக்டர் ஒரு இளம்பெண். பொறுமையாகச் சொன்னாள். உள்ளே சின்னதாக ஒரு மாற்றம் இருக்கிறது, ஆனால் ஆரம்பம்தான். இப்போதைக்கு லேசர் தேவையில்லை. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பிடித்து வைத்தால் இந்தக் கண்ணைக் காப்பாற்றலாம். இனி ஒரு தடவைகூடத் தள்ளிப்போடக் கூடாது.

"வந்துருவாருங்க" என்றாள் பெல்சி, அவர் வாயைத் திறப்பதற்கு முன்.

"நானே வந்துருவேன்" என்றார் அவர்.

திரும்பி வரும்போது அவருடைய பழைய கம்பெனி வண்டியே கிடைத்தது. டிரைவர் தெரிந்த ஆள்தான். "அண்ணே, இங்குட்டு வாங்க" என்று முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்தான். வேலையை விட்ட பிறகு அந்த வண்டியில் ஜோசப் ராஜ் ஏறியதே இல்லை. மருந்து விட்ட கண் இன்னும் சரியாகவில்லை. வெளிச்சம் கூசியது. ரோடு, மரம், எதிரே வருகிற லாரி எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து பஞ்சு மாதிரி மிதந்தன. சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் இருக்கும், அப்புறம் தெளிந்துவிடும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"ரொம்ப மங்கலா இருக்காங்க?" என்று பெல்சி கேட்டாள்.

"ஒண்ணுமே தெரியல" என்றார் அவர், ஏதோ வேடிக்கை சொல்கிற மாதிரி. பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டார். "திருப்பத்தூர் தாண்டிட்டோமா?"

"இப்பத்தான் தாண்டுனோம்."

"அப்ப அடுத்து ஒரு எறக்கம் வரும். இவன் ரெண்டாவது கியருக்கு வரணும். வர்றானான்னு பாப்போம்."

வண்டி இறக்கத்துக்கு வந்தது. கியர் மாறுகிற சத்தம் கேட்டது. ஜோசப் ராஜ் கண்ணை மூடியபடியே தலையை ஆட்டினார். "பரவாயில்ல, ஓட்டுறான்" என்றார். பெல்சி ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்துவிட்டாள். வெயில் தணிந்த காற்று இரண்டு பேர் முகத்திலும் அடித்தது.